ஊதா இல்லை, இளஞ்சிவப்பு

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவளுக்கு 'சந்தேகம்' என்று பெயர். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். லாரி மெக்கானிக்கான அவள் கணவன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்: "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பார்க்க மூணு தடவை பட்டறைக்கு வந்தா. பழைய வண்டி வாங்கறவங்ககூட ரெண்டு தடவைதான் ஓட்டிப் பார்ப்பாங்க."

பதினெட்டு வயதில் அந்த ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாய் கழுவ வந்தவள். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு மாலை வகுப்பில் டிப்ளமோ முடித்து, முப்பத்து நான்காம் வயதில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணி ஆலை ஹாஸ்டலிலிருந்து ஒரு தையல்காரப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். கொதிக்கிற காய்ச்சல், கழுத்து விறைத்துவிட்டது, அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. மூளைக் காய்ச்சலாக இருக்கும் என்று டாக்டரம்மா முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, கையோடு ஊசி மருந்தையும் ஆரம்பித்துவிட்டாள். ஆய்வகத் தலைவரே அதைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் போட்டுப் பார்த்தார். ஊதா நிறத்தில் ஜோடி ஜோடியாக உருண்டைக் கிருமிகள். 'நிமோனியா கிருமி' என்று எழுதி அனுப்பினார். அதற்கும் டாக்டரம்மா ஆரம்பித்த அதே மருந்துதான். அது தொற்றிவிடும் என்று ஹாஸ்டலில் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு மாத்திரை கொடுக்க வேண்டிய வியாதியும் இல்லை. விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மதியம் அந்த ஸ்லைடைப் பெட்டியில் வைக்கப் போனவள், வழக்கம்போல ஒரு தடவை பார்த்தாள். நேரே தலைவரின் மேஜைக்குப் போனாள்.

"சார், இது காப்பிக் கொட்டை ரெண்டை முகத்தோட முகம் வச்ச மாதிரி இருக்கு. சீழ் அணுவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு."

"ஊதாவா இருக்கேம்மா, தெரியலையா?"

"சீழ் அணுவும்தான் ஊதாவா இருக்கு சார். அது சிவப்பா இல்ல இருக்கணும்? ஸ்பிரிட் விட்டுக் கழுவினது போதல."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் சாயம் போட ஆரம்பிச்சப்போ நீ இங்க குழாய் கழுவிட்டு இருந்தே."

"ஆமா சார். அதனாலதான் கழுவினது போதுமா போதாதான்னு எனக்குத் தெரியுது."

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

மிச்சமிருந்த நாலு சொட்டு நீரில் புது ஸ்லைடு செய்தாள். ஊதாச் சாயம், அயோடின், பிறகு நிறம் வழிவது நிற்கும் வரை ஸ்பிரிட், கடைசியில் சிவப்புச் சாயம். லென்ஸுக்குக் கீழே எல்லாமே இளஞ்சிவப்பு. நிமோனியா கிருமி என்றால் ஸ்பிரிட்டிலும் ஊதா போயிருக்காது. சீழ் அணுவுக்குள் இளஞ்சிவப்புக் கொட்டைகள் ஜோடி ஜோடியாக.

தலைவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே போனை எடுத்தார். "டாக்டர், நான் தப்பா சொல்லிட்டேன். மெனிங்கோகாக்கஸ். அந்தப் பொண்ணைத் தனி ரூமுக்கு மாத்துங்க. கூடத் தங்கினவங்களை உடனே பார்க்கணும்."

இருமலிலும் எச்சிலிலும் பரவுகிற கிருமி அது. ஹாஸ்டல் கூடத்திலோ முப்பத்தெட்டுக் கட்டில்கள், நடுவே ஒரு முழ இடைவெளி.

"நீங்களும் வாங்கக்கா. நான் பேசினா பயந்துடுவாங்க" என்று டாக்டரம்மா அவளையும் அழைத்துப் போனாள். எல்லோருக்கும் இரண்டு நாளைக்கு மாத்திரை. கர்ப்பமாக இருந்த சமையல்காரிக்கு மட்டும் அதற்குப் பதில் ஊசி.

"மாத்திரை போட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும். கண்ணீரும் அப்படித்தான். பயந்துடாதீங்க" என்று இவள் சொன்னாள்.

"அப்போ ரெண்டு நாளைக்கு அழக்கூட முடியாதா அக்கா?" என்றது ஒரு குரல். கூடமே சிரித்தது.

மூலைக் கட்டிலில் போர்வைக்குள் இருந்த பெண் மட்டும் அசையவில்லை. இவள் போய்ப் போர்வையை விலக்கினாள். உடம்பு அனலாகக் கொதித்தது. லீவு தர மாட்டார்கள் என்று மறைத்திருக்கிறாள். கெண்டைக்காலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் அவை மறையவில்லை; தோலுக்கடியில் ரத்தம் கசிகிற அறிகுறி.

"டாக்டர்!"

அங்கேயே ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

மூன்றாம் நாள், ஆய்வகத் தட்டில் வளர்த்த கிருமியும் மெனிங்கோகாக்கஸ்தான் என்று உறுதியானது. கூடத்தில் வேறு யாருக்கும் வரவில்லை. மூலைக் கட்டில் பெண் ஒரு வாரத்தில் எழுந்து நடந்தாள். தையல்காரப் பெண் ஐந்தாம் நாள் கண் விழித்து, முதல் காரியமாக செல்போனைக் கேட்டாள். இந்த வியாதி காதைப் பறித்துவிடும் என்பதால் செவிப் பரிசோதனையும் செய்தார்கள். இரண்டு காதும் பழுதில்லை.

அடுத்த திங்கட்கிழமை தலைவர் இரண்டு ஸ்லைடையும் இரண்டு மைக்ராஸ்கோப்பில் வைத்து எல்லோரையும் கூப்பிட்டார். "இது நான் போட்டது, இது இவங்க போட்டது. ரெண்டையும் நல்லா பாருங்க" என்றார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பக்கத்தில் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் பூத்த சிரிப்பை மறைக்க அவள் கொஞ்சமும் முயலவில்லை.