முதுகு ஊசியும் என் முதல் ஹெர்னியாவும்

சர்ஜன் ஆக வேண்டும் என்று திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதல் நாள் சீஃப் என் கையில் கத்தியைக் கொடுக்கவில்லை, ரிட்ராக்டரைக் கொடுத்தார். அறுத்த இடத்தின் விளிம்பை இழுத்துப் பிடிக்கும் கொக்கி அது. பிடித்திருப்பவனுக்கு ஆபரேஷன் தெரியாது. சீஃபின் முழங்கைதான் தெரியும். அந்த முழங்கையை மாதக்கணக்கில் பயின்றேன்.

அடுத்த படி, தையல் நூலை வெட்டுவது. நீளமாக வெட்டினால், "வால் வெச்சு விட்டிருக்கீங்களே, எதுக்கு?" என்பார். ஒட்ட வெட்டினால், "முடிச்சு அவுந்தா நீங்க வந்து பிடிச்சுக்குவீங்களா?" சரியான அளவு எது என்று சொல்லும் வழக்கம் எங்கள் யூனிட்டில் கிடையாது.

ஒரு வழியாக, "நாளைக்கு ஹெர்னியா உங்களுக்கு" என்றார்.

நோயாளி வரதன், ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றி நிறையத் திருமண், கட்டுக்குடுமி. என்ன வேலை என்று கேட்டதற்கு, "ஸ்ரீபாதம் தாங்கற கைங்கர்யம்" என்றார். புறப்பாட்டில் பெருமாளைத் தோளில் சுமப்பவர். சுமந்து சுமந்து குடல் இறங்கியிருந்தது.

"மறுபடி பெருமாளைத் தோள்ல ஏளப்பண்ணலாமா? முடியாதுன்னா அடியேனுக்கு இந்த ஆபரேஷனே வேண்டாம்."

"தாராளமா" என்றேன். கத்தியே பிடிக்காதவனுக்கு இருந்த தைரியத்தைப் பாருங்கள்.

முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். ஆள் விழித்தே இருப்பார். ஆகவே தியேட்டரில் கற்பிப்பதும் திட்டுவதும் இங்கிலீஷில்தான். நோயாளி பயந்துவிடக் கூடாதாம். நான் கத்தி வைத்ததிலிருந்து சீஃப் கற்பித்துக்கொண்டே இருந்தார். அங்கே இல்லை மடையா, அது விந்துக்குழாய். இப்படித் தைத்தால் இந்த ஆள் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க முடியாது. எல்லாம் சுத்தமான இங்கிலீஷ்.

மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"டாக்டர், அவர் சொல்றாப்பலயே தைச்சுடுங்கோ. குடத்தைவிடப் பெருமாள் கனம் ஜாஸ்தி."

சீஃப் தமிழுக்கு வந்தார். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"பொன்மலை ரயில்வே ஆபீஸ்ல ஹெட் கிளார்க். வேலை என்னன்னு கேட்டா, கைங்கர்யத்தைத்தானே சொல்லணும்? ஆபீஸ் வயத்துப்பாட்டுக்கு."

"மிச்சத்தை நானே முடிச்சுடட்டுமா?"

"வேண்டாம். இவ்வளவு திட்டு வாங்கிண்டவர் இனிமே தப்பு பண்ண மாட்டார்."

போட்ட தையலைப் பிரித்து மறுபடி தைத்தேன். சீஃப் அதன்பின் வாயே திறக்கவில்லை. திட்டு இல்லாமல் தைப்பது இன்னும் பயமாக இருந்தது.

தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். என் தையலுக்கு மார்க் விழ ஒரு வருஷம் ஆயிற்று. அடுத்த வருஷப் புறப்பாட்டுக்குச் சித்திரை வீதியில் போய் நின்றேன். வரதன் தோளில் பல்லக்குத் தண்டு. ஊரே கைகூப்பிப் பெருமாளைச் சேவித்தது. நான் வரதனின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீக்கம் இல்லை. என்னைக் கடக்கும்போது அவர் பார்த்துவிட்டார்.

"டாக்டர், பெருமாள் மேல இருக்கார்" என்றார்.