வானத்து ஓட்டையும் அகத்தி மரமும்

எழுபதுகளின் கடைசியில் நான் மதுரையில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். சோழவந்தானில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் வெற்றிலைக் கொடிக்கால். காலையில் ரேடியோவின் சிற்றலையில் சிலோன் பாட்டு கேட்காமல் அவர் வேலையில் இறங்கமாட்டார். ஒரு சனிக்கிழமை நான் ஊருக்குப் போனபோது ரேடியோவில் வெறும் இரைச்சல். மூன்று நாளாக இப்படித்தானாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. பெரிய ராக்கெட்டுகளின் புகை, சிற்றலையைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் மேல்வான அடுக்கில் ஓட்டை போடுகிறது என்று, கல்லூரி நூலகத்தில் பாதி படித்த கட்டுரையை அவிழ்த்துவிட்டேன். அப்பா கொதித்துப்போனார்.

“எவனோ ராக்கெட் விடுறதுக்கு என் ரேடியோதான் கெடச்சுச்சா?”

வானம் நிஜமாகவே பாழாகிறதோ என்று எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

மறுநாள் காலை செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கொடிக்காலுக்குள் போனேன். கொடி படர நட்ட அகத்தி மரம் ஒன்றின் உச்சியில்தான் அப்பா ஏரியல் கம்பியைக் கட்டியிருந்தார். இப்போது மரம் மொட்டையாக நின்றது. கம்பி ஈர மண்ணில் கிடந்தது. கொடிக்கு வெயில் படட்டுமென்று அந்த வாரம் அகத்திக் கிளைகளைக் கழித்தவர் சாட்சாத் அப்பாவேதான்.

கம்பியைத் தூக்கிக் கட்டியதும் வீட்டுக்குள்ளிருந்து பாட்டு வந்தது. அப்பாடா என்றிருந்தது. திங்கட்கிழமை கட்டுரையின் மீதியையும் படித்தேன். அந்த ஓட்டை சில மணி நேரத்தில் தானாகவே மூடிக்கொள்ளுமாம். அடுத்த வாரம் அப்பாவிடம் சொன்னேன்.

“அப்ப வானம் தேவல தாயி” என்றார், மொட்டை அகத்தியைப் பார்த்தபடி. “இது தழைய இன்னும் ஒரு மாசம் ஆகும்.”