வெள்ளச்சியும் வலைக்காரனும்

ஆராய்ச்சியைக் கதையாகச் சொல்வது எப்படி என்று இப்போது பல்கலைக்கழகங்களில் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். ஒரு பாத்திரம் வேண்டும், அதற்கு ஓர் ஆசை வேண்டும், ஆசைக்குக் குறுக்கே ஒரு தடை வேண்டும் என்று திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். இடைவேளையில் தேநீரும் பட்டிஸும் கிடைக்கும். இந்தப் பாடத்தை நான் எட்டு வயதிலேயே எங்கள் வீட்டு முற்றத்து மணலில் உட்கார்ந்து படித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அங்கே படித்தது என் சின்னம்மா. பரீட்சை வைத்தவள் நான்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். பட்டம் முடித்து, மேற்படிப்புக்காக இறாலை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் கல்முனை வீதி என்று கிடக்கிற ஊர் எங்களுடையது. வாவியை நாங்கள் ஆறு என்போம். ஆற்றங்கரையில் ஒரு முனை உண்டு. அங்கே கண்ணா மரங்கள் தண்ணீருக்குள் வேர்விட்டு நெருக்கமாக நிற்கும். கடலிலிருந்து வரும் இறால் குஞ்சுகள் அந்த வேர்களுக்குள் ஒதுங்கித்தான் வளர்கின்றன. மாரி காலத்தில் அந்த முனையில் சிறுகண் வலை போடாமல் விட்டால் ஆறு முழுவதும் இறால் பெருகலாம் என்பது சின்னம்மா கண்டறிந்தது. மீனவர் சங்கத்தில் இதைச் சொல்லி, ஒரு மாரிக்காவது முனையைச் சும்மா விட வைக்க வேண்டும் என்று அவர் தவியாய்த் தவித்தார். இல்லாவிட்டால் இரண்டொரு வருடத்தில் அங்கே ஆராய்வதற்கும் இறால் இருக்காது, பிடிப்பதற்கும் இருக்காது.

முதல் கூட்டத்தில் அவர் சங்கக் கட்டிடச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டி வரைபடங்களைக் காட்டினார். நீலக்கோடு ஏறியது, சிவப்புக்கோடு இறங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் மரியாதையாகத் தூங்கினார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து போனார்கள். முடிவில் சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

“புள்ள நல்லாத்தான் சொல்லுது. என்ன சொல்லுது எண்டுதான் விளங்கல்ல. அடுத்த போயா லீவுக்கு வாங்க புள்ள, நமக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க.”

சின்னம்மா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. பிறகு, கதையாகச் சொல்லிப் பார் என்று அவருடைய பேராசிரியர் சொல்லியனுப்பினார். கதை கேட்க ஆள் வேண்டும். அம்மா ஆடைத் தொழிற்சாலைக்குப் போயிருப்பார். விடியும்வரை ஆற்றில் வலை வீசிவிட்டு வந்த அப்பா உள்ளறையில் படுத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான்தான் மிச்சம்.

நான் லேசில் திருப்திப்படும் ஆள் அல்ல. தொலைக்காட்சியில் போகிற நாடகம் ஒன்றையும் விட மாட்டேன். கதை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சின்னம்மா, “இளம்பருவ இறால்கள்” என்று தொடங்கினார். அத்தனை பேரையும் ஞாபகம் வைக்க ஏலாது, ஒராள் போதும் என்றேன். அந்த ஒராளுக்கு வெள்ளச்சி என்று பெயரும் வைத்தேன். வெள்ளச்சி கடலில் பிறந்தாள், ஆற்றுக்கு வந்தாள், கண்ணா வேருக்குள் குடியிருந்தாள். வளர்ந்து பெரியவளாகிக் கடலுக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளை பெற வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதுவரைக்கும் எனக்குச் சம்மதம்தான்.

“கெட்டவன் ஆரு சின்னம்மா?”

“கெட்டவன் எண்டு ஒராளும் இல்ல. வலைக்கண்தான் சின்னன்.”

வலைக்கண்ணை எப்படி வெறுப்பது? நான் எழுந்து போகப் பார்த்தேன். சின்னம்மா அவசரமாக ஒரு வலைக்காரனைக் கூட்டிவந்தார். முதலில் அவன் வெறும் வலைக்காரன். என் தொல்லை பொறுக்காமல் நாளுக்கு நாள் அவனுக்கு உடம்பும் உருவமும் வந்தன. தலையில் ஒரு பழைய பச்சைத் தொப்பி. நாடகத்துக் கெட்டவர்களுக்குப் போலக் கண் சிவந்திருக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன், கண்ணும் சிவந்தது. தோணியில் ஏறியதும் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைப்பான். வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையைச் சுழற்றி வீசுவான். சின்னம்மா தன் சால்வையைக் கடித்துக்கொண்டு வீசிக் காட்டும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். அவனை நான் மனதார வெறுத்தேன்.

பௌர்ணமிப் போயா அன்று சங்கக் கட்டிடம் நிறைந்திருந்தது. கதை சொல்லப் போகிறார்களாம் என்று கேள்விப்பட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். அப்பா வேளைக்கே போய்விட்டார். கழுவி மடித்த சேர்ட் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டங்களில் முன்னுக்குப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. சின்னம்மாவுக்காக வந்திருக்கிறார் என்று எனக்குச் சந்தோசம்.

இந்த முறை ஒருவரும் தூங்கவில்லை. வெள்ளச்சி கடலிலிருந்து உள்ளே வந்தபோது பெண்கள் சிரித்தார்கள். வேருக்குள் ஒளிந்தபோது ஒரு கிழவர் “ஓம், ஓம், அங்கதான் கிடக்கும்” என்றார். வலைக்காரன் வந்தான். பச்சைத் தொப்பி வந்தது. எங்கேயோ ஒரு சிரிப்புக் கேட்டு அடங்கியது. சின்னம்மா சால்வையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையைச் சுழற்றி வீசினார்.

கட்டிடத்தில் இருந்த அத்தனை தலையும் அப்பாவின் பக்கம் கிறுகின.

எங்கள் கரையில் இடது கையால் வலை வீசுகிறவர் அப்பா ஒருவர்தான். சின்னம்மா வலை வீசுவதைக் கிட்ட நின்று பார்த்ததும் அவரிடம் மட்டும்தான். ஆராய்ச்சிக்கு வேண்டிய இறால் குஞ்சுகளை அப்பாவின் தோணியில் போய்த்தான் போத்தலில் அடைத்து வருவார். பச்சைத் தொப்பியும் அப்பா தோணியில் போடுவதுதான். வலை என்றால் அப்படித்தான் வீசுவார்கள் என்று சின்னம்மாவின் கண் பழகிவிட்டது. தலைகள் திரும்பிய பிறகுதான் அவருக்கே விளங்கியது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. தோணிப் பக்கமே போயிராத எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்னம்மாவின் அத்தானும் வந்திருக்கிறாரா என்று ஊர் பார்க்கிறதாக்கும் என்று நினைத்து, நானும் பெருமையோடு பார்த்தேன்.

சின்னம்மா மீதியை எப்படியோ சொல்லி முடித்தார். வெள்ளச்சி வலைக்குள் அகப்பட்டாள், கடலுக்குத் திரும்பவில்லை. முனையை ஒரு மாரிக்கு விடச் சொல்லிக் கேட்கவேண்டிய இடம் வந்தபோது அவர் வாய் திறக்கவே இல்லை.

சங்கத் தலைவர்தான் கேட்டார். “வெள்ளச்சி போயிட்டா, சரி. அந்த மனிசன் பிறகு என்ன செஞ்சான் புள்ள?”

சின்னம்மாவின் ஆராய்ச்சியில் இறாலின் வாழ்க்கை முழுவதும் இருந்தது. வலைக்காரனின் வாழ்க்கை அதில் இல்லை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா எழும்பினார்.

“நான் சொல்லுறன். அந்த மனிசன் வலையைத் தோளில போட்டுக்கொண்டு வீட்ட வந்துட்டான். இந்த மாரிக்கு அந்த முனைப் பக்கம் கிறுகியும் பாக்கல்ல.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர், “அவன் போகாட்டி நானும் போகல்ல” என்றார். பின்னாலிருந்து இன்னொருவர் ஓம் என்றார். அப்படி ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள். சின்னம்மாவின் நீலக்கோடும் சிவப்புக்கோடும் செய்யாததை அப்பாவின் இரண்டு வசனம் செய்தது.

எங்கள் வீட்டு அடுப்பு ஒவ்வொரு மாரியும் அந்த முனை இறாலால்தான் எரிந்தது என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. மற்றவர்களுக்கு வேறு இடங்களும் பெரிய வலைகளும் இருந்தன. அப்பாவுக்கு அந்த முனையும் அந்தச் சிறுகண் வலையும்தான். அந்த மாரி அவர் உன்னிச்சைப் பக்கம் போய், யாரோ ஒருவருடைய வயல் வட்டையில் நெல் வேளாண்மையைக் காவல் காத்தார். காவல் வாடியிலேயே படுத்து, எப்போதாவது வீட்டுக்கு வருவார். அம்மா தன் தங்கையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னம்மா மன்னிப்புக் கேட்டாரா, கேட்க அப்பா விட்டாரா, தெரியாது. இறால் அடுத்த வருடம் வலையில் கொஞ்சம் கூடத்தான் பட்டது. அது முனையை விட்டதாலா, மழை நன்றாகப் பெய்ததாலா என்று சின்னம்மாவின் ஆய்வேடும் அடித்துச் சொல்லவில்லை. உள்ளறைக்கும் முற்றத்துக்கும் நடுவில் இருந்தது வெறும் தகரத் தட்டிதான். நாங்கள் முற்றத்தில் கதை கட்டிய அந்த நாட்களில் அப்பா பகலில் எவ்வளவு தூங்கினார் என்று நினைத்துப் பார்க்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வரும்போது சின்னம்மா எங்களுக்குப் பின்னால் தனியே வந்தார். அழுதுகொண்டு வந்தார். நாடகங்களில் வென்றவர்களும் அழுவார்கள், அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது. கதையை முடித்துவைத்த அப்பாவுக்கு அந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

“அப்பா, அந்த வலைக்காரன் ஆரு?”

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தெரியா மகள். நம்மட ஊர் ஆள் இல்ல போல.”

நல்லகாலம் என்றேன் நான்.