ஷண்டிங் மாசிலாமணியின் ரேடியோ

டி.வி.யில் படம் சரியில்லை என்றால் நானே பார்த்துத் தெரிந்துகொள்வேன். சத்தம் சரியில்லை என்றால் அப்படி இல்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அதை நான் டி.வி. வேலையில் கற்கவில்லை. சென்னைக்கு டி.வி.யே வராத ஐம்பதுகளில், ராயபுரத்தில் வால்வு ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது கற்றேன். கற்றதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

1. திரும்பித் திரும்பி வந்த செட்

கல்மண்டபம் பக்கம் காதர் பாய் என்பவரின் கடையில் நான் மெக்கானிக். ரிப்பேர் பார்த்த செட் திரும்பி வந்தால் பாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாசிலாமணியின் செட் மூன்றாவது தடவையாக வந்தபோது, பாய் கடை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

மாசிலாமணி துறைமுக ரயில் யார்டில் ஷண்டிங் ஆள். வேகனுக்கும் வேகனுக்கும் நடுவில் புகுந்து கப்ளிங் மாட்டுகிற வேலை. அதற்கு முன்னால் பெரம்பூர் பக்கம் ஒரு பாய்லர் ஷாப்பில் ரொம்ப வருஷம் ரிவிட் அடித்தவர். அந்த ரேடியோ, கப்பலேறி வெளிநாடு போய்விட்ட ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

“பாட்டு வர்து நைனா, மேளம் வர்து. பேசறதுதான் ஒண்ணியும் புரியல. வாய்ல துணிய வெச்சுக்கினு பேசற மாரி கீது” என்றார். ஒவ்வொரு தடவையும் இதே கம்ப்ளெயின்ட்.

முதல் தடவை அவுட்புட் வால்வை மாற்றினேன். அடுத்த தடவை, வால்வுக்கு வால்வு சத்தத்தைக் கடத்தும் கப்ளிங் கண்டென்சர். கடல் காற்றில் ஸ்பீக்கரின் காகிதக் கோன் கெட்டுப்போவது எங்கள் பக்கத்தில் சகஜம் என்பதால் இந்த முறை ஸ்பீக்கரையே கழற்றினேன். கோன் புதுசு மாதிரி இருந்தது. எனக்குச் செட் நன்றாகத்தான் கேட்டது. பாயிடம் சொன்னேன்.

“உன் காது யாருக்குடா வேணும்? கஸ்டமர் காதுக்கு நல்லா கேட்டாத்தான் செட்டு ஓக்கே” என்றார் பாய்.

அது எங்கள் தொழிலில் எல்லாக் கடையிலும் இருந்த சட்டம்தான். கஸ்டமர் தலையாட்டும் வரை வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. எனவே மாசிலாமணியைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, வால்வு தலையில் இருக்கும் கிரிட் மூடியை விரலால் தொட்டேன். ஸ்பீக்கர் வரை லைன் சரியாக இருந்தால் ‘ம்ம்ம்’ என்று உறுமும். உறுமியது. அவர் முகம் மலர்ந்தது. “இப்ப நல்லா கேக்குதுபா!” என்றார். ஸ்டேஷனை வைத்தேன். செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். மலர்ந்த முகம் அப்படியே வாடிவிட்டது.

“உங்க வூட்டுக்கு வந்து பார்க்கறேண்ணே. ஏரியல் கோளாறா இருக்கும்” என்று சொல்லி அனுப்பினேன்.

2. பெட்டிக்குப் பின்னால்

யார்டுக்குப் பக்கத்தில் அவருக்குக் குவார்ட்டர்ஸ். ஏரியலில் ஒரு குறையும் இல்லை. பின் பலகையைக் கழற்றிவிட்டு ரேடியோவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கீச்சுக் குரலை அமுக்கும் டோன் கண்டென்சரை வெட்டி எடுத்தேன். சத்தம் தகரத்தில் ஆணி கீறியதுபோல ஆகிவிட்டது. அவர் மனைவி சம்பூர்ணம் காதைப் பொத்திக்கொண்டார்.

“இப்போ எப்படிக் கீதுண்ணே?” என்றேன் பெட்டிக்குப் பின்னாலிருந்தே. பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லை. தலையை வெளியே நீட்டி அதையே கேட்டேன். “அப்டியேதான் கீது” என்று உடனே சொன்னார்.

கடையில் அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசுவார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று நினைத்திருந்தேன். ரேடியோவை அணைத்தேன். மறுபடி தலையைக் குனிந்துகொண்டு, “அண்ணே, வூடு பத்திக்கினு எரியுது” என்றேன். அவர் அசையவில்லை. மேளம் மாதிரி கனத்த சத்தம்தான் அவர் காதில் விழுகிறது; பேச்சை இத்தனை நாளும் என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறார். சம்பூர்ணம் மட்டும் என்னைப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

எழுந்து அவருக்கு எதிரில் வந்து நின்றேன். “செட்டு நல்லா கீதுண்ணே. பாய்லர் ஷாப் சத்தத்துல உங்க காதுதான்...” என்றேன்.

“ஐய! காதுக்கு இன்னா? நீ பேசறது கேக்கல? ரிப்பேரு தெரியாதவன் காது மேல போடறியா?”

சம்பூர்ணம் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினார். “இன்ஜின் விசிலு கேக்குதா உனுக்கு? அத்த சொல்லு.”

“கார்டு கொடி காட்டறாரு. பாத்துக்குவேன்.”

“கொடி முன்னால கீது. வண்டி பின்னால வர்தே!”

அவர் என் பக்கம் திரும்பி, குரல் இறங்கிப்போய், “செட்டுதான் கெட்டுட்ச்சுனு சொல்லு நைனா. இவ மனசு ஆறும். டாக்டரு டெஸ்ட்டுக்கு அனுப்சாங்கன்னா வேல பூடும், இந்த வூடும் பூடும்” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் இத்தனை நாள் கோளாறைத் தேடி வரவில்லை. கோளாறு ரேடியோவில்தான் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று வந்திருக்கிறார்.

“அத்த மட்டும் சொல்ல முடியாதுண்ணே” என்றேன். அவர் என் டூல் பையை எடுத்து வாசலில் வைத்தார்.

3. கொருக்குப்பேட்டையில் கரண்ட் இல்லை

மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள் சம்பூர்ணம் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கடைக்கு வந்தார். வித்துக் கொடு என்றார். எனக்குப் பகீரென்றது. நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இருந்தது.

“நாந்தான் யார்டு ஃபோர்மேன் கிட்ட போய் சொன்னேன். டெஸ்ட்டு வெச்சாங்க. இப்ப குடோன்ல பெருக்கினு கீறாரு. குவார்ட்டர்ஸ காலி பண்ணியாச்சு. கொருக்குப்பேட்டைல ஒரு ரூமு, கரண்டு இல்ல. இது எதுக்கு?”

“அண்ணன் இன்னா சொன்னாரு?”

“இன்னா சொல்வாரு. என்னாண்ட பேச்சே இல்ல. அன்னிக்கி அழுதுக்கினே சொன்னேன், நீ வண்டில அடிபட்டுக் கெடக்கறத பாக்க என்னால ஆகாதுனு.” ரேடியோவின் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். “சண்ட போட்டாக்கூட பரவால்ல தம்பி. மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினா போதும் அவருக்கு. அப்பால நான் இன்னா கத்தினாலும் கேக்காது.”

வெட்டி எடுத்த டோன் கண்டென்சரைத் திரும்ப மாட்டினேன். ஸ்டேஷனை வைத்தேன். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் அட்சர சுத்தமாகக் கேட்டது. சம்பூர்ணம் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சத்தம் சரியில்லை என்று யார் வந்தாலும், வீட்டில் மற்றவர்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று முதலில் அவரிடமே கேளுங்கள். கேட்கும்போது அவர் உங்கள் உதட்டைப் பார்க்க முடியாத பக்கம் நின்று கேளுங்கள்.