செம்பூரிலிருந்து, தூக்கம் தேடி

காலை ஒன்பதரைக்குச் செம்பூர் பஸ் ஸ்டாப்பில் நின்றோம், நானும் என் மனைவி கனியும். போகிற இடம் சயான். ஐந்து கிலோமீட்டர் இருக்கும். மும்பையில் இதைப் பயணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மறுநாளைக்குள் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும் என்பதால் எனக்கு இது காசி யாத்திரைதான்.

தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். அதற்காக வீட்டுக்கு ஒரு மெஷின் வாடகைக்கு வந்திருக்கிறது. அது குழாய் வழியாகக் காற்றை அனுப்பும். நாம் மாஸ்க் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மாதமாக மல்லுக்கட்டுகிறேன். மூக்குத்தண்டில் புண், வாயெல்லாம் வறட்சி, வயிறு நிறையக் காற்று. பாதித் தூக்கத்தில் நானே பிடுங்கி எறிந்துவிடுகிறேன். மறுநாள் வாடகை முடிகிறது. மெஷினை விலைக்கு வாங்குவதா, திருப்பிக் கொடுப்பதா? திருப்பிக் கொடுப்பது என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். வேறு வழி ஒன்று கிடைக்க வேண்டியதுதான் பாக்கி.

ஏசி பஸ், ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். சீட்டில் உட்கார்ந்ததுமே கனி தூங்கிப்போனாள். நான் சிக்னலையும் கண்டக்டரையும் மெட்ரோ தூண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கால் ஒரு நிலையில் நிற்கவில்லை.

பத்தேகாலுக்கு சயானில் ஒரு பல் டாக்டர். தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கிளிப்பைப் பல்லில் மாட்டிக்கொண்டு படுத்தால் போதும், மெஷினே வேண்டாம் என்று ரயிலில் யாரோ சொல்லியிருந்தார். டாக்டர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

“அங்கிள், கிளிப்பெல்லாம் லேசா இருக்கறவாளுக்குத்தான். உங்களுக்கு சிவியர். இதை நம்பிண்டு மெஷினை விட்டுடாதீங்கோ. மாஸ்க்கை மாத்திப் பாத்தேளா? மூக்குத் துவாரத்துல மட்டும் வெச்சுக்கறது இருக்கே.”

“மாஸ்க்குன்னாலே நமக்கு ஆவாது, டாக்டர்.”

“ஒரு தடவை பாருங்கோளேன்.”

கிளிப்பின் விலை முப்பதாயிரம் என்றதும் கிளிப் இல்லாமலே என் தாடை முன்னால் வந்துவிட்டது. வெளியே வந்தால், பெஞ்சில் கனி தூங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எரிச்சலான எரிச்சல். உயிர் போகிற பிரச்சினைக்கு நான் அலைகிறேன், கூட வந்தவளுக்குக் கொட்டாவி.

அங்கிருந்து தாராவி நடக்கிற தூரம்தான். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்சந்தில் கனியின் தம்பி இசக்கி தையல் பட்டறை வைத்திருக்கிறான். இரும்பு ஏணியில் ஏறினால் தையல் மெஷின்கள் ஒரே சமயத்தில் இரைகிற மாடி. அவனும் ஒரு வைத்தியம் தயாராக வைத்திருந்தான்: முதுகில் பை வைத்துத் தைத்த பனியன், பைக்குள் ரப்பர் பந்து.

“மல்லாந்து படுத்தாத்தான, அத்தான், அடைக்கி? பந்து குத்திச்சுன்னா தன்னால ஒருக்களிச்சுப் படுத்துருவிய. போட்டுப் பாருங்க.”

போட்டுக்கொண்டு துணிக்கட்டின் மேல் புரண்டு பார்த்தேன். தையல்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பந்து குத்தியதில் எனக்கு வலித்ததே தவிர, வேறொன்றும் நடக்கவில்லை. எழுந்து பார்த்தால், இத்தனை அமளியிலும் மூலையில் கனி அயர்ந்து தூங்குகிறாள்.

“ஒங்க அக்காவுக்கு வந்த வாழ்வப் பாத்தியாடே? சீக்காளி நான், தூக்கம் அவளுக்கு,” என்றேன்.

இசக்கி சிரிக்கவில்லை. டீ குடிக்கலாம் என்று கீழே கூட்டிக்கொண்டு போனான்.

“அத்தான், ஒங்கட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்லிருக்கா. நீங்க மாஸ்க்கப் புடுங்கிப் போட்ட பொறவு, விடிய விடிய ஒங்க நெஞ்சுல கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்காளாம். மூச்சு நின்னா உலுப்பி விடுதாளாம். நீங்க முழிச்சிருக்க நேரத்துலதான் அவ கண்ணடைக்கா.”

வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் தூக்கம் கெட்டவன் நான் ஒருவன்தான் என்று இரண்டு மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பித் திரிந்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு சயான் ஸ்டேஷனில் செம்பூருக்கு டிக்கெட் எடுத்தேன், ஆளுக்கு ஐந்து ரூபாய். குர்லாவில் இறங்கிப் பன்வேல் வண்டிக்கு மாறினோம். கனி லேடீஸ் பெட்டிக்குப் போகாமல் என்னோடேயே ஏறினாள். எப்படியோ இரண்டு சீட் கிடைத்தது. எங்கே இறங்குவீர்கள் என்று ஒருவர் கேட்டு, செம்பூரில் காலியாகும் என் சீட்டுக்குச் சொல்லிவைத்து நின்றுகொண்டார். திலக் நகர் வருவதற்குள் கனியின் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது.

செம்பூர் வந்தது. நான் அசையவில்லை.

“அங்கிள், செம்பூர் ஆ கயா. உட்டியே,” என்று எழுந்திருக்கச் சொன்னார், சீட்டுக்குச் சொல்லிவைத்தவர்.

உதட்டில் விரலை வைத்துக் கனியைக் காட்டினேன். அவளையும் என்னையும் பார்த்தார். மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோவண்டியும் மான்கூர்தும் போயின. பாலத்தில் கழிமுகக் காற்று அடித்தது. வாஷி, சான்பாடா, ஜூயிநகர். தோள் மரத்துப்போயிற்று. செக்கர் வந்தால் அபராதம்தான். வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சு சீராக, ஒரே தாளத்தில் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு மனுஷியின் தூக்கத்தை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

நெருளில் வண்டி குலுங்கி நின்றதும் திடுக்கிட்டாள். கண் முழுசாகத் திறக்கவில்லை. அதற்குள் அவள் கை என் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

“முழிச்சுத்தான் இருக்கேன், கனி.”

“செம்பூர் போயிட்டா? பொறவு ஏன் எழுப்பல?”

“மெஷினத் திருப்பிக் குடுக்க வேண்டாம். டாக்டரம்மா சொன்ன மூக்கு மாஸ்க்க வாங்கிப் பாப்போம்.”

“சரி,” என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.