கழுவி வைத்த பொம்மை வீடு

மழை பெய்தால் எங்கள் வீடு ஏழு இடத்தில் ஒழுகும். அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு மார்கழி மாதம் முழுக்க நான் இன்னொரு வீட்டுக்குக் கூரை போட்டேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு மர வீடு. என் மனைவி முதல் நாளிலிருந்தே அதை வெறுத்தாள்.

நாங்கள் இருந்தது திருப்பாச்சூர் போகிற வழியில், வயலை ஒட்டின சேரியில். மனை எங்களுடையதல்ல. திருவள்ளூரில் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெரியவருடையது. கோயில் கைங்கரியத்தில் அவர்கள் குடும்பத்துக்கு முறை உண்டு. என் அப்பா அவர் வயலில் உழைத்து அவர் வரப்பிலேயே விழுந்து செத்தார். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எனக்கு முப்பது வயது தாண்டிய பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை ஷெட்டுகள் எழும்பின. மெஷின் அனுப்புவதற்கு மரப்பெட்டி அடிக்கிற ஷெட்டில் வேலை கிடைத்தது. வாரம் ஆறு நாள் அங்கேயே படுக்கை, ஒரு நாள் வீடு. அங்கே முதலாளிக்கு மேஜை நாற்காலி செய்யும் ஓர் ஆசாரி இருந்தார். அவருக்கு வஜ்ரம் காய்ச்சிக் கொடுப்பதும் என் வேலை. வஜ்ரம் என்பது மரம் ஒட்டுகிற பசை. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கட்டியாக வரும். ஊறவைத்து, வெந்நீருக்குள் டப்பாவை வைத்து உருக்க வேண்டும். நாறும். ஆனால் அது பிடித்தால் மரம் உடையுமே தவிர ஒட்டு விடாது, தண்ணீர் படாதவரைக்கும்.

அந்த மர வீடு எனக்குக் கிடைத்தது அதற்கு முந்தின போகியன்று. பெரியவர் வீட்டுக்கு வைக்கோல் கொண்டுபோயிருந்தேன். வாசலில் கிழிந்த பாய், முறம், துடைப்பம் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அந்தக் குவியல் மேல் அது கவிழ்ந்து கிடந்தது. இரண்டு மாடி, நடுவில் முற்றம், சுற்றிலும் விரல் பருமன் தூண்கள். கூரை போய்விட்டது. மாடிப்படி இல்லை. ஒரு பக்கம் கரையான். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பெரியவர் பார்த்தார்.

"என்னடா, வேணுமா? எடுத்துண்டு போ. எரியறதுக்குப் பதிலா உன் குடிசையில கிடக்கட்டும்" என்றார்.

நெருப்பு பிடிப்பதற்குள் இழுத்தேன். முழங்கையில் மயிர் பொசுங்கியது. அவர் சிரித்தார்.

வருஷம் பூராவும் அது பரணில் கிடந்தது. வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவனுக்கு ஏது நேரம். அடுத்த கார்த்திகையில் கரண்ட் கட் அதிகமாகி ஷெட்டை மூடினார்கள். பொங்கல் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் அதைக் கீழே இறக்கினேன். எங்கள் ஒரே பெண்ணுக்கு ஆறு வயது. "இது யார் ஊடு நைனா?" என்றாள். "உன்துதான்" என்றேன். அவளுக்கு நான் கொடுத்த முதல் சொத்து அந்த வார்த்தைதான். பரண்மேல் இருந்த மீதி எல்லாம் பழைய கோணி.

பனிக்காலத்தில் வஜ்ரம் வேலை சுலபமில்லை. தடவின உடனே உறைந்து வெள்ளையாகிவிடும், பிடிக்காது. அதனால் கதவைச் சாத்தி, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு, மரத்தையே அனலில் காட்டிச் சூடாக்கி ஒட்டினேன். வெளியே பத்து மணி வரைக்கும் வயல் தெரியாது. உள்ளே அடுப்பருகே நாங்கள் மூன்று பேரும் இருப்போம். இதை நான் சுகம் என்று எழுதலாம். எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. அவளுக்கு இல்லை.

"சோறாக்குற அடுப்புல செத்த மாட்டைக் காய்ச்சிக்கினு கீற."

நான் டப்பாவைக் கிளறினேன்.

"மேல பாரு, சொட்டுது. இந்தக் கூரைக்கு ஒரு ஓலை சொருவ துப்பில்ல, பொம்மை ஊட்டுக்கு ஓடு போடுறியா? அதுல எவன் குடித்தனம் வரப்போறான்? உன் முதலாளியா?"

எனக்கு எப்போதுமே பதில் அடுத்த நாள்தான் வரும். அவள் அதைத் தெரிந்து வைத்திருந்தாள். அதனாலேயே இன்னும் கூடத் திட்டினாள்.

பால்பவுடர் டின்னை வெட்டி ஓடு போல மடித்தேன். உடைந்த குடைக் கம்பியில் மாடிக்குக் கிராதி. கரையான் தின்ற சுவரைப் பெயர்த்துவிட்டுப் பெட்டிப் பலகையை இழைத்து வைத்தேன். பதினாலு தூணில் ஐந்து புதுசு. எது புதுசு என்று என் மனைவியாலேயே சொல்ல முடியவில்லை. முற்றத்தில் ஓர் ஊஞ்சல் மாட்டினேன். என் பெண் அதில் ஒரு புளியங்கொட்டையை உட்காரவைத்து ஆட்டினாள். அது அவள் மாமியாராம். நாள் பூராவும் அந்தப் புளியங்கொட்டையைத் திட்டிக்கொண்டே ஆட்டுவாள், அவள் அம்மா குரலிலேயே.

வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்னால் பெரியவர் வந்துவிட்டார். அவர் வயலைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது பார்த்திருக்கிறான். போய்ச் சொல்லியிருக்கிறான். பெரியவர் எங்கள் தெருவுக்குள் வரவில்லை. ரோட்டில் நின்றார். மேஸ்திரி வந்து, "அந்த மர ஊட்டை எடுத்துக்கினு வா, சாமி பாக்கணுமாம்" என்றான்.

தூக்கிக்கொண்டு போனேன். பெண் பின்னாலேயே வந்தாள். ரோட்டோரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஊஞ்சலைக் கைத்தடி நுனியால் ஆட்டினார்.

"எங்கம்மா கல்யாணச் சீர்ல வந்தது இது. இத்தனை நன்னா வரும்னு தெரிஞ்சிருந்தா வெளியில போட்டிருப்பேனா? பம்பாயிலேர்ந்து பேத்தி வந்திருக்கா. அவளுக்கு ஆகும்."

கொடுத்ததைக் கேட்கிறோம் என்ற கூச்சம் அவர் முகத்தில் இல்லை. எரியப் போட்டதைத்தான் நான் எடுத்தேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நாங்கள் குடியிருக்கிற மனை யாருடையது என்பதும் இருவருக்கும் தெரியும். அதைத்தான் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பது எனக்கு இன்னும் எரிகிறது.

அப்புறம் அவர் கேட்டார்: "என்னடா போட்டு ஒட்டினே? கல்லாட்டம் நிக்கறதே."

இந்த இடத்தில்தான் எல்லாம் இருந்தது. மாட்டுத் தோல் பசை சாமி என்று நான் சொல்லியிருந்தால் அவர் கைத்தடியைக்கூட அங்கேயே போட்டுவிட்டுப் போயிருப்பார். வீடு என் பெண்ணிடமே இருந்திருக்கும். என் நாக்கில் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். "பசைங்க சாமி" என்றேன்.

மேஸ்திரி தலையில் வைத்துக்கொண்டு போனான். பெண் ஊஞ்சலில் இருந்த புளியங்கொட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அழவில்லை. "உன்துதான்னு சொன்னியே" என்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி, "அத்தினி நாளு அந்த நாத்தத்துல நான் சோறாக்குனேன். அது இன்னான்னு அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றாள். அந்த வீட்டை வெறுத்தவள்தான். அன்று அவள் அடுப்பைக் கொளுத்தவில்லை. பெண்ணும் நானும் அவளும் பழைய சோறு தின்றோம். ஒருவரையொருவர் பார்க்காமல் தின்றோம்.

ஐந்தாறு நாள் கழித்து மேஸ்திரி திரும்ப வந்தான். "பசையும் சாமானும் எடுத்துக்கினு வா. ஊடு ஒட்டு விட்டுப் போச்சு."

எப்படி என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். சேரியில் ஒரு வருஷம் கிடந்த பொருளாயிற்றே. அப்படியே உள்ளே கொண்டுபோக முடியாது. கிணற்றடித் தொட்டியில் முக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு பகல் முழுக்க. அதுவும் போதாதென்று அண்டாவில் வெந்நீர் வைத்து மஞ்சள் போட்டு மேலே ஊற்றியிருக்கிறார்கள். தூக்கினால் தூண்கள் கையோடு வந்தனவாம்.

சாமான் எதையும் எடுக்காமல் போனேன். பின்பக்கச் சந்து வழியாக, கிணற்றடிக்கு வெளியே நிறுத்தினார்கள். சாக்கின் மேல் பலகைகள் பரப்பிக் கிடந்தன. என் ஐந்து தூண்களும் மஞ்சள் குடித்து வீங்கிப்போயிருந்தன. இப்போது எது புதுசு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பெட்டிப் பலகை அல்லவா.

"பாரு, இவ்வளவுதான் உன் வேலை. கழுவினதுக்கே தாங்கலை. ஒழுங்கா ஒட்டிக் குடு" என்றார் பெரியவர்.

ஐந்தாறு நாளாக என்னிடம் பதில் தயாராக இருந்தது. நான் சத்தமாகச் சொல்லவில்லை. நான் எதையும் சத்தமாகச் சொன்னதில்லை.

"தண்ணி பட்டா வஜ்ரம் நிக்காதுங்க சாமி. மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சினது அது."

அவர் ஒரு அடி பின்னால் போனார். உள்ளே யாரோ பெண்கள் பேசிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. அவர் தன் கையைப் பார்த்தார். தொட்டிருப்பார் போலிருக்கிறது.

"அன்னிக்கே ஏண்டா சொல்லலை?"

"உங்க ஊட்டு அலமாரி, மேசை எல்லாம் அதே பசைதாங்க. ஆசாரிங்களுக்கு வேற பசை ஏது" என்றேன்.

அவர் திரும்பிக் கூடத்துப் பக்கம் பார்த்தார். போடா என்று சொல்லவில்லை. நானே வந்துவிட்டேன். பலகைகளைக் கேட்டிருக்கலாம். குவித்துக் கொடுத்திருப்பார்கள், தூரத் தள்ளுகிறோம் என்று சந்தோஷமாகவே கொடுத்திருப்பார்கள். அதைக் கேட்கும் புத்தி திருப்பாச்சூர் ரோட்டில் பாதி தூரம் வந்த பிறகுதான் வந்தது. திரும்பிப் போக என்னால் ஆகவில்லை.

மறுநாள் போகி. காலையிலேயே போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பனியில் புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கியிருந்தது. சாக்கோடு அப்படியே குவியலில் வைத்திருந்தார்கள். என் டின் ஓடுகள் கருத்துச் சுருண்டன. குடைக் கம்பி மட்டும் நின்றது. கழுவினது போக இடுக்குகளில் இருந்த வஜ்ரம் பொரிந்தது. தோல் கருகுகிற நாற்றம் அந்தத் தெரு முழுக்கப் பரவியது. கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார்கள். எனக்கு அந்த நாற்றம் பழக்கம். ஒரு மாதம் அதில் உட்கார்ந்து சாப்பிட்டவன்.

கடைசிப் பலகை விழும்வரை எதிர்ப்பக்கம் நின்றேன். பெரியவர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் அலமாரி தெரிந்தது. கண்ணாடிக் கதவு போட்ட பெரிய அலமாரி, மேலே பெருமாள் படம். அதை அவர்கள் எரிக்கவில்லை.