நூர்தீன் எழுதிய சுழி

பேராசிரியர் நூர்தீன் மறைந்த செய்தியைக் கல்லூரி ஊழியர் ஒருவர் சைக்கிளில் ஸ்ரீரங்கம் வந்து சொன்னார். பாதி மழித்த முகத்தோடு வாசலில் நின்றேன். உறையூர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அவரை அறிந்த உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில், தமிழில் கணிதம் கற்பிப்பதற்காக எங்கள் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் குழுவாக உட்கார்ந்து கலைச்சொல் பட்டியல் தயாரித்தோம். கணிதத்துக்கு அவர், தமிழுக்கு நான். பூஜ்யத்துக்கு என்ன சொல் வைப்பது என்பதில் முட்டிக்கொண்டது. பூஜ்யம் என்றால் வணங்கத்தக்கது என்றும் பொருள். சூனியம் என்றால் பிள்ளைகள் பில்லி என்று பயப்படுவார்கள். நான் 'சுழி' என்றேன். அவர் 'சைபர்' போதும் என்றார்.

"நம்ம சூன்யத்தைத்தான் அரபுக்காரங்க 'சிஃப்ர்'னு சொன்னாங்க, தமிழய்யா. ரெண்டுக்கும் வெறுமைன்னுதான் அர்த்தம். அது ஐரோப்பாவெல்லாம் சுத்திட்டு சைபரா திரும்பி வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே."

"காவிரியில சுழி பார்க்காத பையன் திருச்சியில உண்டா? வட்டத்தைப் பார்த்ததும் புரிஞ்சுடும்," என்றேன்.

அவர் பேசவில்லை. அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும், "அரபுச் சொல்லை விட மனசு வரலையோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வேதியியல் ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்தது. நூர்தீனின் தம்பி பதினாறு வயதில் காவிரிச் சுழியில் சிக்கி இறந்தவன். கரையில் நின்று பார்த்தவர் இவர்.

அன்று மாலையே உறையூருக்கு பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "வேற சொல் போட்டுடலாம்," என்று மட்டும் சொன்னேன்.

"வேணாங்க," என்றார். "சைபர்னா பையன் மனப்பாடம் பண்ணுவான். சுழின்னா கண்ணுல தெரியும். என் தம்பிக்காக மத்த பிள்ளைங்களுக்கு ஒரு நல்ல சொல் இல்லாம போகக்கூடாது. நீங்க கேட்டதுதான் வலிச்சுது. அரபு நான் ஓதுற மொழிங்க. அன்னிக்குக் கரையில தம்பி பேரைச் சொல்லி நான் கத்தினது தமிழ்லதான்."

பட்டியலில் 'சுழி' என்று அவரே எழுதினார். அடுத்த ஆண்டு அவர் வகுப்பைக் கடந்து போகையில், கரும்பலகையில் வட்டம் போட்டு அந்தச் சொல்லை அவர் சொல்வது கேட்டது. குரல் ஒரு கணம் நின்றது. பிறகு பாடம் தொடர்ந்தது.

விவாதத்தில் எதிரே இருப்பவர் திடீரென்று மௌனமானால், இப்போதெல்லாம் நானும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன். நூர்தீனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.